மயிரிழையில் நிற்கும் எழுத்து

1760ஆம் ஆண்டு வாக்கில், லண்டனில் தங்கியிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு குறும்பு செய்தார். ஃபிராங்க்ளின் என்றதும் நமக்குப் பட்டமும் மின்னலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் தொழிலால் அச்சுக்காரர். அவரைப் பார்க்க வந்த ஒரு கனவான், பர்மிங்ஹாம் நகரத்தின் ஜான் பாஸ்கர்வில் செய்த புதிய அச்செழுத்துகளைப் பற்றிப் புலம்பத் தொடங்கினார். கோடுகள் மெலிந்து கிடக்கின்றன, கண் வலிக்கிறது, இந்த ஆள் நாட்டிலுள்ள வாசகர்களையெல்லாம் குருடாக்கப் போகிறார் என்பது அவர் வாதம். ஃபிராங்க்ளின் உள்ளே போனார். ஊரே பழகிப்போன கேஸ்லன் எழுத்தின் மாதிரித் தாளை எடுத்து, பெயர் இருந்த தலைப்பகுதியைக் கிழித்துவிட்டு, "இதுதான் பாஸ்கர்வில் எழுத்து, எனக்கு ஒரு குறையும் தெரியவில்லையே, நீங்களே காட்டுங்கள்" என்று நீட்டினார். கனவான் வரிக்கு வரி குறை காட்டினார். பார்க்கப் பார்க்கக் கண் வலிக்கிறது என்றார். அவர் வாழ்நாள் முழுக்க வலியே இல்லாமல் வாசித்துவந்த எழுத்து அது. ஃபிராங்க்ளின் அவரைச் சங்கடப்படுத்த விரும்பாமல் உண்மையைச் சொல்லவேயில்லை. பாஸ்கர்வில்லுக்கு மட்டும் கடிதம் எழுதிச் சொன்னார்.

எழுத்துரு வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லி, கனவானைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது போதவில்லை. கோடு மெலிந்தால் கண் வலிக்கும் என்ற அந்தப் புகார், இந்த வகை எழுத்தை அடுத்த இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு விடாமல் துரத்தியது. கனவான் தவறான தாளைப் பார்த்து உளறினார், சரி. ஆனால் அவர் கேட்ட கேள்வி உளறல் இல்லை. எழுத்து வாசிக்கவா, பார்க்கவா?

எந்த எழுத்தைச் சொல்கிறேன் என்று முதலில் காட்டிவிடுகிறேன். வோக் பத்திரிகையின் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அல்லது கோலாலம்பூரில் ஏதாவது பெரிய பேரங்காடியின் தரைத்தளத்தில், வாசனைத் திரவியமும் கைக்கடிகாரமும் விற்கிற பக்கம் நடந்து பாருங்கள். செங்குத்துக் கோடு தூண் மாதிரி தடித்திருக்கும். கிடைக்கோடு மயிரிழை. எழுத்தின் தலையிலும் காலிலும் செரிஃப் என்கிற சிறு கோடு ஒன்று படுத்திருக்கும், அதுவும் மயிரிழைதான். தூணும் அந்தக் கோடும் சேருமிடத்தில் வளைவு இருக்காது. ஒட்டவைத்த மாதிரி நேராக வெட்டி நிற்கும். தடிப்புக்கும் மெலிவுக்கும் இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு வைத்ததுதான் இதன் மொத்த அழகும். இந்த வகையின் இரண்டு பெரிய பெயர்கள் பார்மாவின் போடோனி, பாரிஸின் டிடோ. பாஸ்கர்வில் இவர்களுக்கு முன்னால் நின்று கதவைத் திறந்துவிட்டவர்.

இந்தத் தடிப்பும் மெலிவும் முதலில் வந்தது பேனாவிலிருந்து. ஐரோப்பியர்கள் நெடுங்காலம் பட்டை முனை இறகால் எழுதினார்கள். அதில் கோட்டின் தடிமனை முடிவுசெய்வது கை போகும் திசை. பிறகு கூர்முனை இறகும் செம்புத் தகட்டில் செதுக்கும் கலையும் வந்தன. இங்கே தடிமனை முடிவுசெய்வது அழுத்தம். கீழே இழுக்கும்போது அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும், மேலே போகும்போது தளர்த்தினால் இழையாகும். பாஸ்கர்வில் இளவயதில் எழுத்துக்கலை சொல்லிக்கொடுத்தவர், கல்லில் எழுத்து வெட்டியவர். அந்தக் கூர்முனைப் பழக்கத்தைத்தான் அவர் ஈய எழுத்துக்குக் கொண்டுவந்தார். நம் ஓலைச்சுவடிக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. எழுத்தாணி கீறும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தடிமன். பிறகு கரியைப் பூசித் துடைத்தால் எழுத்து தெரியும். தமிழ் எழுத்தில் இன்று காணும் தடிப்பு மெலிவெல்லாம் இறகும் அச்சும் வந்த பிறகு சேர்ந்த நகைகள்.

பாஸ்கர்வில் விஷயத்தில் எனக்குப் பிடித்தது அவர் எழுத்தை மட்டும் மாற்றவில்லை என்பது. என் வேலை இயந்திரப் பாகங்களின் அளவுகளோடு. வரைபடத்தில் 0.05 மில்லிமீட்டர் என்று எழுதுவதற்கு அரை நொடி போதும். அந்த அளவில் வெட்டக்கூடிய மெஷின் இருக்கிறதா, அளந்து பார்க்கக் கருவி இருக்கிறதா என்று தொழிற்சாலைத் தளத்தில் கேட்பார்கள். பாஸ்கர்வில்லுக்கும் அதே சிக்கல்தான். மெல்லிய கோட்டை எஃகில் வெட்டிவிடலாம். ஜான் ஹேண்டி என்ற திறமையான ஆள் அவருக்காக வெட்டினார். ஆனால் அன்றைய தாள் கம்பிச் சட்டத்தில் வடித்தெடுத்தது. கம்பிகளின் தடம் வரிவரியாகத் தாளில் மேடுபள்ளமாக நிற்கும். மேட்டில் மை ஏறும், பள்ளத்தில் ஏறாது. மயிரிழைக் கோடு அந்தப் பள்ளத்தில் விழுந்தால் எழுத்து உடைந்து தெரியும். தெளிவாக விழட்டும் என்று அழுத்தினால் மை பரவி மயிரிழை கயிறாகிவிடும்.

அதனால் அவர் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் மாற்றினார். நெருக்கமாக நெய்த கம்பி வலையில் வடித்த வழவழப்பான தாளைப் பயன்படுத்தினார். மையைச் சொந்தமாகக் காய்ச்சினார், அது மற்றவர்களுடையதைவிடக் கறுப்பு. அச்சுப் பொறியின் மேல்தட்டை இன்னும் சமதளமாக்கினார். அச்சடித்த தாளைச் சூடான செம்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தித் தேய்த்தார், சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்றால், பளபளப்பான அரக்குப் பூச்சுப் போட்ட தட்டுகளும் பெட்டிகளும் விற்றுச் சம்பாதித்தது. 1757இல் அவருடைய முதல் புத்தகம், வர்ஜிலின் கவிதைகள், வெளிவந்தது. அதற்கு அவர் ஏழு வருடம் செலவழித்திருந்தார். 1763இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக அச்சிட்ட பைபிளை இன்றும் பெரிய சாதனையாகச் சொல்கிறார்கள். லாபம் என்று ஒன்றும் பெரிதாக வரவில்லை. இதில் வேடிக்கை, அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1775இல் இறந்தபோது தேவாலய மண் வேண்டாம் என்று சொந்தத் தோட்டத்திலேயே புதைக்கச் சொன்னவர்.

அவர் மனைவி சாரா 1779இல் அந்த எழுத்துகளை பிரான்சுக்காரர் போமார்ஷேயிடம் விற்றார். ஃபிகாரோ நாடகங்களை எழுதிய அதே போமார்ஷே. பிரான்சில் தடைசெய்யப்பட்டிருந்த வால்டேரின் எழுத்து முழுவதையும் எல்லைக்கு வெளியே, கேல் என்ற ஊரில் அச்சடிக்க அவருக்கு எழுத்து தேவைப்பட்டது. எழுபது தொகுதிகள். ஆக, பைபிள் அச்சிட்ட எழுத்திலேயே வால்டேரும் வந்துவிட்டார்.

இதற்கு வெகுமுன்னமே, 1692இல், பிரான்சின் பதினான்காம் லூயி தன் அச்சகத்துக்கு என்று தனி எழுத்து வேண்டும் என்றார். அறிஞர் குழு ஒன்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு எழுத்தையும் ஜியோமிதிப் படமாக வரைந்தது. அதை வைத்துக் கிராஞ்ஜான் எஃகில் வெட்டினார். வெட்டும்போது கட்டத்தைவிடத் தன் கண்ணைத்தான் அதிகம் நம்பினார் என்பது வேறு விஷயம். அரசரின் எழுத்து, வேறு யாரும் நகலெடுக்கக் கூடாது. எழுத்தைப் பார்த்தவுடனே அதன் பின்னால் ஓர் அரண்மனை தெரிய வேண்டும் என்ற யோசனை இங்கேயே இருக்கிறது. அதை முழுமையாக்கியவர் போடோனி.

ஜாம்பத்திஸ்தா போடோனி 1740இல் வட இத்தாலியின் சலுட்சோவில் அச்சுக்காரர் மகனாகப் பிறந்தவர். பதினெட்டு வயதில் ரோமுக்குப் போய், கத்தோலிக்கத் திருச்சபையின் மதப்பரப்பு அச்சகத்தில் சேர்ந்தார். உலகத்து மொழிகள் பலவற்றுக்கும் எழுத்து வைத்திருந்த இடம் அது. அன்னிய எழுத்துகளை அடுக்கியும் சுத்தம்செய்தும் வெட்டியும் அங்கேதான் தொழில் கற்றார். பிறகு இங்கிலாந்துக்குப் போகக் கிளம்பினார். வழியில் சொந்த ஊரில் காய்ச்சலில் படுத்துவிட்டார். பயணம் அங்கேயே நின்றது. காய்ச்சல் வராமலிருந்தால் ஒருவேளை பர்மிங்ஹாமில் பாஸ்கர்வில்லையே பார்த்திருப்பார். 1768இல் பார்மாவின் பிரபு ஃபெர்டினாண்ட் தன் அரச அச்சகத்தை நடத்த அவரை அழைத்தார். இறக்கும்வரை, நாற்பத்தைந்து வருடம், போடோனி பார்மாவை விட்டுப் போகவில்லை.

ஆரம்பத்தில் அவரும் பாரிஸின் ஃபூர்னியே எழுத்துகளை வாங்கித்தான் அடித்தார். பிறகு அதைப் பார்த்துத் தானே வெட்டினார். பிறகு மெல்ல மெல்ல, அளவுக்கு அளவு, தடிப்பைத் தடிப்பாக்கி மெலிவை மெலிவாக்கிக்கொண்டே போனார். அது எவ்வளவு பெரிய வேலை என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். எஃகுத் துண்டின் முனையில் எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாக அரத்தாலும் உளியாலும் வெட்ட வேண்டும். அதைக் கடினமாக்கிச் செம்பில் அடித்தால் குழி விழும். அந்தக் குழியில் ஈயமும் ஆன்டிமனியும் கலந்த உலோகத்தை வார்த்தால் எழுத்து. ஒரு அளவுக்கு ஒரு தொகுதி. அளவு கொஞ்சம் மாறினாலும் முதலிலிருந்து வெட்ட வேண்டும், பெரிதாக்குகிற பொத்தான் எதுவும் கிடையாது. பார்மாவில் இருக்கிற போடோனி அருங்காட்சியகத்தில் அவருடைய எஃகுத் துண்டுகள் மட்டும் 25,000க்கும் மேல் இருக்கின்றன.

அவருடைய புத்தகங்கள் வாசிக்க வசதியானவை என்று சொல்ல முடியாது. பெரிய தாள், கை அகலத்துக்கு ஓரம், வரிக்கும் வரிக்கும் இடையில் தாராளமான வெளி. முகப்புப் பக்கத்தில் நாலைந்து சொற்கள் மட்டும், பெரிய எழுத்தில், வெண்கலச் சிலை மாதிரி. ஓவியமோ பூவேலையோ பெரும்பாலும் இல்லை. எழுத்தே அலங்காரம். ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்த பிரபுக்கள் பார்மாவில் இறங்கி அவர் அச்சகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஃபிராங்க்ளினும் 1787இல் அவருக்குப் பாராட்டிக் கடிதம் எழுதினார். சாதாரண வாசகக் கூட்டத்துக்காகத் தான் வேலை செய்வதில்லை, உன்னதமானது மட்டுமே தனக்கு வேண்டும் என்று போடோனி சொன்னதாக ஒரு வாசகம் சுற்றுகிறது. சொன்னாரோ இல்லையோ, செய்தது அதைத்தான். பிரபுவின் காலம் போய்ப் பிரெஞ்சுக்காரர்கள் பார்மாவை எடுத்துக்கொண்டபோதும் அவருக்கு ஒன்றும் குறையவில்லை. 1808இல் ஹோமரின் இலியட்டைக் கிரேக்கத்தில் மூன்று தொகுதியாக அச்சிட்டு நெப்போலியனுக்குச் சமர்ப்பித்தார்.

பாரிஸிலிருந்த டிடோ குடும்பத்துக்கு இதில் எரிச்சல். போட்டித் தொழிலாளிகள் இல்லையா? போடோனி 1793இல் அச்சிட்ட வர்ஜிலை எடுத்துவைத்து, அதிலிருந்த அச்சுப் பிழைகளைப் பட்டியலிட்டார்கள். பொறாமை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் எனக்கென்னவோ அந்தப் பிழைகள்தான் போடோனியைப் பற்றி அதிகம் சொல்வதாகப் படுகிறது. பக்கத்தை ஒரு கட்டடமாகப் பார்க்கிறவருக்குச் செங்கல் ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாம்பட்சம்.

டிடோக்கள் புனிதர்கள் இல்லை. அவர்களும் இதே எழுத்தில்தான் பணக்காரப் புத்தகம் போட்டார்கள். அப்பா ஃபிரான்சுவா ஆம்ப்ருவாஸ் அச்செழுத்தின் அளவுக்கு ஒரு முறையான புள்ளிக் கணக்கை நிலைநிறுத்தியவர், வழவழப்பான தாளை பிரான்சில் செய்யவைத்தவர். இளைய மகன் ஃபிர்மேன் எழுத்து வெட்டினார், மூத்தவர் பியேர் அச்சடித்தார். ஃபிர்மேன் 1784 வாக்கில் வெட்டிய எழுத்தைத்தான் இந்த வகையின் முதல் முழுமையான எழுத்து என்று பலரும் சொல்கிறார்கள். அப்போது அவருக்கு இருபது வயது. (இருபது வயதில் நான் பொறியியல் வரைபடப் பாடத்தில் திண்டாடிக்கொண்டிருந்தேன்.) 1801இல் லூவ்ர் அரண்மனையில் அச்சிட்ட ரசீன் நாடகங்கள், மூன்று தொகுதி, மொத்தம் 250 பிரதி. அதுவும் வரவேற்பறை மேசையில் வைக்கிற புத்தகம்தான்.

ஆனால் அதே ஃபிர்மேன் 1795இல் கல்லே என்பவருடைய மடக்கை அட்டவணையை அச்சிட்டார். நம்மில் சிலர் அப்பா காலத்து லாக் புத்தகத்தைப் பார்த்திருப்போம், பக்கம் பக்கமாக எண்கள். கப்பலோட்டிக்கும் நில அளவைக்காரருக்கும் அன்று அதுதான் கால்குலேட்டர். அதில் ஓர் இலக்கம் தப்பினால் கப்பல் பாறையில் ஏறலாம். வழக்கமான முறையில், ஒரு பதிப்பு முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அடுத்த பதிப்புக்கு மறுபடி கோர்க்கும்போது பழைய பிழை போய்ப் புதுப் பிழை வரும். ஃபிர்மேன் ஒருமுறை கோர்த்துத் திருத்திய பக்கத்தை ஒரே கட்டியாக இறுக்கி நிறுத்திவிட்டார். பிழை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்தலாம். மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் ஸ்டீரியோடைப். மனிதர்களை ஒரே அச்சில் வார்க்கிற எண்ணத்துக்கு இன்று நாம் சொல்கிற சொல், ஓர் அச்சகத்தில் பிழை குறைக்கச் செய்த ஏற்பாட்டின் பெயர்.

முறையை இன்னும் திருத்தி, பக்கத்தையே உலோகத் தகடாக வார்த்துப் பத்திரப்படுத்தினார். தேவைப்படும்போது எடுத்து அடிக்கலாம், தேவைக்கு மட்டும் அடிக்கலாம். இதில் பழைய இலக்கியங்களைச் சின்னச் சின்னப் புத்தகமாக, மலிவு விலைக்குப் போட்டார்கள். அதே காலத்தில் ஃபிர்மேனுடைய சித்தப்பா மகன் சேன் லெஜே டிடோவின் காகித ஆலையில் வேலைபார்த்த நிக்கோலா லூயி ரோபேர், தாளை ஒவ்வொன்றாக வடிக்காமல் முடிவில்லாத சுருளாக ஓட்டுகிற இயந்திரத்துக்கு 1799இல் காப்புரிமை வாங்கினார். இன்று உலகத்துக் காகித ஆலைகள் எல்லாவற்றுக்கும் மூதாதை அது. அரண்மனை மேசைக்காகப் பிறந்த மயிரிழை எழுத்து, ஒரே குடும்பத்தின் கைவழியாக மாணவன் சட்டைப்பைக்கும் வந்து சேர்ந்தது. போடோனியா டிடோவா என்று கேட்டால் என் ஓட்டு ஃபிர்மேனுக்கு. அழகில் போடோனி ஒரு படி மேல் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

ஆனால் மலிவு வந்தால் எழுத்துக்கு ஆபத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புத்தகம், செய்தித்தாள் எல்லாமே இந்த எழுத்தின் பிள்ளைகளில்தான் வந்தன. பாஸ்கர்வில் கட்டிய சங்கிலி மட்டும் கூட வரவில்லை. மட்டமான தாள், நீர்த்த மை, வேகமாக ஓடும் பொறி, தேய்ந்த தகடு. மயிரிழைகள் முதலில் போயின. பக்கம் முழுக்க செங்குத்துக் கோடுகள் வேலி மாதிரி நிற்கும், அவற்றைச் சேர்க்கிற கோட்டை வாசகன்தான் ஊகிக்க வேண்டும். இன்னொரு பக்கம், லண்டனில் ராபர்ட் தோர்ன் போன்றவர்கள் 1810 வாக்கில் தடிப்பை மட்டும் ஊதிப் பெருக்கி, தொப்பை வைத்த எழுத்துகளை லாட்டரிச் சுவரொட்டிக்கு விற்றார்கள். பார்மாவின் பிரபு பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். எனக்கு அந்தச் சுவரொட்டிகள் பிடிக்கும்.

வில்லியம் மாரிஸ் 1891இல் கெல்ம்ஸ்காட் அச்சகம் தொடங்கியபோது, எழுத்துக்கு நேர்ந்த எல்லாக் கேட்டுக்கும் போடோனியைத்தான் குற்றவாளியாக நிறுத்தினார். அவருக்கு வேண்டியது இடைக்காலத்துக் கனமான எழுத்து. அமெரிக்காவில் டி வின் கொஞ்சம் நிதானமாக யோசித்தார். மெலிவுதான் பிரச்சினை என்றால் மெலிவைக் கொஞ்சம் தடிப்பாக்கலாமே என்று, செஞ்சுரி பத்திரிகைக்காக லின் பாய்ட் பென்டனைக் கொண்டு 1894இல் புதிய எழுத்து செய்வித்தார். கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த பென்டனின் மகன் மாரிஸ் ஃபுல்லர் பென்டன்தான், பதினைந்து வருடம் கழித்து, அதே நிறுவனத்துக்காகப் போடோனி எழுத்தை உயிர்ப்பித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அப்பா மயிரிழையைத் தடிப்பாக்கினார், மகன் மறுபடி மெலிய வைத்தார்.

இந்த இரண்டாம் பிறவியில் எழுத்து புத்தகத்துக்குத் திரும்பவில்லை. விளம்பரத்துக்கும் தலைப்புக்கும் போனது. ரஷ்யாவிலிருந்து பாரிஸ் வழியாக அமெரிக்கா வந்த அலெக்ஸி பிரோடோவிச், 1934 முதல் 1958 வரை ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற பெண்கள் நாகரிகப் பத்திரிகையின் கலை இயக்குநர். ஒரு பெரிய புகைப்படம், நிறைய வெள்ளை, ஓரத்தில் மெலிந்த பெரிய எழுத்து. போடோனியின் முகப்புப் பக்கமேதான், தலைப்பின் இடத்தில் ஓர் உடை. எழுத்தின் உடம்பு வாகும் அந்தப் பக்கங்களில் வருகிற பெண்களின் உடம்பு வாகும் ஒன்றுபோல ஆகிவிட்டது. உயரம், ஒல்லி, தொடாதே என்கிற தோரணை. பிறகு இந்த எழுத்தைக் கண்டாலே நமக்கு விலை கேட்கப் பயமாக இருக்கிறது என்றால் அதில் ஆச்சரியமில்லை. 1992இல் அதே பத்திரிகையை ஃபாபியன் பாரோன் மறுபடி வடிவமைத்தார். 2019இல் ஸாரா துணிக்கடையின் பெயரை எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்படி மாற்றியதும் அவர் நிறுவனம்தான். எம்பது ரிங்கிட் சட்டைக்கு எண்ணூறு ரிங்கிட் முகம்.

பாரோன் அன்று செய்த வேலையில் ஒரு தொழில்நுட்ப விஷயம் இருக்கிறது. பத்திரிகைக்குக் கணினியில் டிடோ எழுத்து வேண்டும், எந்த அளவில் போட்டாலும் மயிரிழை மயிரிழையாகவே நிற்க வேண்டும். கணினியில் இது நடக்காது. ஒரே வரைபடத்தைப் பெரிதாக்கினால் மயிரிழையும் சேர்ந்து தடிக்கும், சிறிதாக்கினால் காணாமல் போகும். எழுத்துரு வடிவமைப்பாளர் ஜோனதன் ஹோஃப்லர் அதற்கு ஏழு தனித்தனித் தொகுதிகள் வரைந்து கொடுத்தார். 6 புள்ளிக்கு ஒன்று, 11க்கு ஒன்று, 16, 24, 42, 64, கடைசியாக 96. அதாவது, போடோனியும் ஃபிர்மேனும் எஃகில் வேறு வழியில்லாமல் செய்ததை, கணினிக்காகத் திரும்பச் செய்ய வேண்டிவந்தது. ஒவ்வோர் அளவுக்கும் தனி வெட்டு. சின்ன எழுத்துக்கு மெலிவு குறைவாக, செரிஃப் கொஞ்சம் உறுதியாக, இடைவெளி தாராளமாக. போடோனி ஒன்றும் முட்டாள் இல்லை. சின்ன அளவுகளில் அவரும் மயிரிழையைக் கொஞ்சம் தடிப்பாகத்தான் விட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பெரிய எழுத்தை மட்டும் பார்த்து மயங்கி, அதையே சுருக்கி எல்லாவற்றுக்கும் போட்டார்கள். கண் வலிக்கிறது என்ற பழி பெரும்பாலும் இந்தச் சுருக்கலின் பாவம்.

1994இல் ஐடிசி நிறுவனத்துக்காக ஒரு குழு இதைச் சரிசெய்யப் பார்த்தது. பார்மாவுக்கே போய்ப் போடோனியின் அசல்களைப் பார்த்துவிட்டு, மூன்று தொகுதி செய்தார்கள். ஆறு, பன்னிரண்டு, எழுபத்திரண்டு. பெயரிலேயே அளவைச் சொல்லிவிட்டார்கள். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள், போடோனி 72 என்று இருக்கும். நம் ஊர் முத்து நெடுமாறன் செய்த இணைமதி எழுத்துருவும் அதே பட்டியலில்தான். அந்த 72 ஒரு மாடல் நம்பர் இல்லை. ஏறக்குறைய ஓர் அங்குல உயரத்துக்குப் போடுங்கள் என்கிற உபயோகக் குறிப்பு. ஆறும் பன்னிரண்டும் பட்டியலில் இல்லை.

போன வருடம் என் சித்தி மகள் கல்யாணப் பத்திரிகைக்கு இந்த எழுத்தைத்தான் கடைக்காரர் போட்டுக்கொடுத்தார். சொரசொரப்பான கெட்டி அட்டை, தங்கத் தாள் அழுத்திய எழுத்து, மண்டபத்தின் முகவரி ஒன்பது புள்ளியில். பெட்டி வந்ததும் சித்தி ஓர் அட்டையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "என்னாய்யா இது, பாதி எழுத்தக் காணோம்? தங்கம் ஒட்டலியா?" தங்கம் ஒட்டத்தான் செய்தது, தடித்த கோடுகளில் மட்டும். மணமக்கள் பெயர் பெரிதாக, ராஜ களையோடு இருந்தது. முகவரியில் செங்குத்துக் குச்சிகள் வரிசையாக நின்றன. எதிர்ப்பக்கத்தில் தமிழில் அதே முகவரி, அதே அளவு, அதே தங்கம், ஒரு புள்ளிகூட உடையாமல் இருந்தது. ஒரே தடிமனில் ஓடுகிற எழுத்து. அந்த ராத்திரி எனக்கு எழுத்தாணி மேல் பெரிய மரியாதை வந்தது. விருந்தினர்கள் மண்டபத்தைத் தமிழ் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தமிழ் தெரியாத கூட்டாளிகளுக்கு மச்சான் வாட்ஸப்பில் லொகேஷன் அனுப்பினார்.

போடோனி 1813இல் இறந்தார். அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த எழுத்துகளின் மாதிரிப் புத்தகம் அப்போது முடிந்திருக்கவில்லை. மனைவி மார்கெரித்தா, அச்சகத்தின் தலைமைத் தொழிலாளியோடு சேர்ந்து ஐந்து வருடம் உழைத்து, 1818இல் இரண்டு தொகுதியாக வெளியிட்டார். மானுவாலே திப்போகிராஃபிக்கோ. அறுநூறு பக்கங்களுக்கு மேல், ரோமன் எழுத்து மட்டுமே 140க்கும் அதிகமான வகைகள், பிரதிகள் முந்நூறுக்கும் குறைவு. முன்னுரையில் போடோனி எழுத்தின் அழகுக்கு நான்கு குணங்கள் சொல்கிறார்: ஒழுங்கு, துல்லியம், நல்ல ரசனை, கடைசியாக வசீகரம். வாசிப்பவர் சௌகரியம் தனிக் குணமாக அந்த நாலில் இல்லை.

அந்தப் புத்தகத்தில் அளவுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். மிகச் சிறியது பார்மிஜியானினா, பார்மா ஊர்ப் பெண்பிள்ளை என்கிற மாதிரி. அங்கிருந்து ஏறிக்கொண்டே போகிறது. கீழ்ப்பகுதியில் ஃபிலோசோஃபியா, அதற்கு அடுத்து லெத்தூரா. முதலாவது தத்துவம், இரண்டாவது வாசிப்பு. உச்சிக்குப் போகப் போக துக்காலே, ரெயாலே, இம்பெரியாலே, பாப்பாலே. பிரபுவுடையது, அரசருடையது, பேரரசருடையது, எல்லாவற்றுக்கும் மேலே போப்பினுடையது. போடோனி யாருக்கு எந்த எழுத்து என்று மறைக்கவேயில்லை.

1996இல் அமெரிக்காவில் ஸூஸானா லிச்கோ என்ற வடிவமைப்பாளர் இந்த ஏணியின் கீழ்ப்பகுதியிலிருந்து ஒரு பெயரை எடுத்துத் தன் போடோனிக்கு ஃபிலோசோஃபியா என்று வைத்தார். செரிஃபின் முனைகளைச் சற்றே உருட்டி, மெலிவை அடக்கி, பத்தி பத்தியாக வாசிக்கக்கூடிய போடோனி அது. அதே ஆண்டு பாஸ்கர்வில்லைத் தழுவி இன்னொன்றும் செய்தார். அதற்கு பாஸ்கர்வில் பெயரை வைக்கவில்லை. அவரோடு பல காலம் வாழ்ந்து, பின்னர் அவரை மணந்து, அவர் போன பிறகு அச்சகத்தைக் கவனித்து, எழுத்துகளை வால்டேருக்காக விற்ற சாரா ஈவ்ஸின் பெயரை வைத்தார். மிஸஸ் ஈவ்ஸ். இரண்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. கணினியோடு இலவசமாக வருவது எழுபத்திரண்டுதான்.